அணில் எந்த டிபார்ட்மெண்ட்?

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ரெண்டுக்கா தாவரவியல் படிக்க வந்தாள்.
2. ஓர் அணிலைப் பார்த்தாள்.
3. விலங்கியலையும் சேர்த்துப் படிப்பேன் என்றாள்.
4. சாமியிடம் கேட்டாள். சாமி சொன்ன பதில் செல்லாது என்றாள்.
5. விலங்கியல் தாவரவியலைத் தின்றுவிட்டது.
6. அவளைக் கூட்டிப் போக வத்திராயிருப்பிலிருந்து அவள் அப்பா வண்டியோடு வந்தார்.
7. வண்டி திரும்பிப் போனது. அதில் எது ஏறிப் போனது என்பதை வண்டி கிளம்பும்போது சொல்கிறேன்.

ஐந்தாவது வரி அச்சுப்பிழை இல்லை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இதுவரை வாய் திறந்த அத்தனை பேரிலும் ‘அல்லது’ என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளாத ஒரே ஆள் ரெண்டுக்காதான். கேள்வித்தாளில் ‘அ அல்லது ஆ’ என்று போட்டிருந்தால் இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டு, கடைசிக் கேள்விக்கு நேரமில்லாமல் வெளியே வருவாள். “ஏட்டி, ஒண்ணுதானே எழுதச் சொல்லியிருக்கு?” என்று கேட்டால், “ரெண்டையும் வாசிக்க வச்சுட்டு ஒண்ண மட்டும் எழுதுன்னா, மத்தது என்ன பாவம் பண்ணுச்சு?” என்பாள்.

எங்கள் கல்லூரி அந்த இரண்டு ஊருக்கும் நடுவில், மேற்கே மலை தெரிகிற இடத்தில் இருந்தது. நான் இயற்பியல், அவள் தாவரவியல். பெண்கள் விடுதியில் எங்களுக்கு ஒரே அறை, ஒரே ஜன்னல், இரண்டு கட்டில். அவளுக்கு வீட்டில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அதை வருகைப் பதிவேடு மட்டும்தான் பயன்படுத்தியது. முதல் நாள் மெஸ்ஸில் பரிமாறும் அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு “பொங்கலா, தோசையா?” என்று கேட்டாள். “ரெண்டுங்க்கா.” மறுநாள் “சாம்பாரா, சட்னியா?” “ரெண்டுங்க்கா.” அந்த வாரக் கடைசியில் “ஏ ரெண்டுக்கா, தட்ட நீட்டு” என்று மெஸ் அக்காவே கூப்பிட்டாள். வார்டன்வரை அதுவே நிலைத்துவிட்டது.

வார்டன் ராஜபாளையத்துக்காரர். கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்கு முன்னால் வந்து நிற்கும். சனிக்கிழமை மாலை வெளியே போக அனுமதி தருவார். ஒன்று ராஜபாளையம் போகலாம், அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் போகலாம். ரெண்டுக்கா முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்குவாள். அதே சூட்டில் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறுவாள். அந்த பஸ் எங்கள் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் நின்ற வார்டன் ஒருநாள் பஸ் ஜன்னலில் அவளைப் பார்த்துவிட்டார்.

“ஏமே! இப்பத்தான அந்தப் பக்கம் போன?”

“இப்ப இந்தப் பக்கம் போறேன் மேடம்!” என்று கையில் பால்கோவாவை ஆட்டிக் காட்டியபடியே போய்விட்டாள்.

இப்படிப்பட்டவள் முதல் வருடத்தில் ஒரே ஒரு பாடத்தை ஒழுங்காகப் படித்தாள் என்றால், அது அணிலைப் பார்க்காதவரை மட்டும்தான்.

தாவரவியல் மாணவர்களை மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போனார்கள். பாட்டனி சார் ஒரு மரத்தடியில் நின்று பட்டை, இலை, நரம்பு என்று கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தார். ரெண்டுக்கா அவருக்கு முன்பே உச்சிக்குப் போய்விட்டாள்.

“சார், மேல ஒரு கூடு இருக்கு. பெரிய அணிலு. சாம்பல் கலர் வாலு தொங்குது பாருங்க.”

“ஆமா.”

“பக்கத்துல இம்புட்டு மரம் இருக்க, இந்த மரத்துல ஏன் சார் கட்டுச்சு?”

சார் மேலே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சொன்னார்: “அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லம்மா.”

அடுத்த வாரம் விலங்கியல் மாணவர்கள் அதே இடத்துக்குப் போனார்கள். அந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ரெண்டுக்காவும் போனாள். ஜுவாலஜி மேடம் அணிலின் பல், நகம், தாவும் விதம் எல்லாம் சொன்னார். இவள் கையைத் தூக்கினாள்.

“மேடம், அது உக்காந்திருக்கது என்ன மரம்?”

“மரத்தப் பாட்டனிக்காரங்ககிட்டக் கேளு. நீ வால மட்டும் பாரு.”

அன்று சாயங்காலம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்: “ஏட்டி, அந்த அணில் கெதியப் பாத்தியா? உடம்பு ஒரு டிபார்ட்மெண்ட்ல இருக்கு, வீடு இன்னொரு டிபார்ட்மெண்ட்ல இருக்கு. ரெண்டையும் சேத்துக் கேக்க நாதியில்ல.”

கல்லூரியில் அந்த வருடம்தான் இரட்டை மேஜர் என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். விரும்புகிறவர்கள் இரண்டாம் ஆண்டிலிருந்து, தொடர்புள்ள இன்னொரு பாடத்தையும் முதன்மைப் பாடமாக எடுக்கலாம். பட்டத்தில் இரண்டு பெயரும் வரும். அறிவிப்புப் பலகையில் எல்லோரும் படித்தோம். எல்லோரும் பதற்றமில்லாமல் நகர்ந்து போனோம். ரெண்டுக்கா மட்டும் பலகை முன்னால் பந்திக்குக் கூப்பிட்டதுபோல நின்றாள்.

“நீதான் லிஸ்ட் போடுதவளாச்சே. போடு.”

போட்டேன். ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து இந்தப் பக்கம் ‘வேண்டாம்’, அந்தப் பக்கம் ‘வேண்டும்’. வேண்டாம் பக்கத்தில்: சனிக்கிழமை விடுமுறை போய்விடும். ரெக்கார்டு நோட்டு இரண்டு மடங்கு. செய்முறைத் தேர்வு இரண்டு மடங்கு. ஒன்றில் கவனம் குறைந்தால் மற்றதும் சரியும். மேல்படிப்புக்குப் போகும்போது எப்படியும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தூக்கம். சாப்பாடு. படம் வரைய அவளுக்கு வராது. இப்படித் தாள் நிறைந்து பின்பக்கத்துக்கும் போனது. வேண்டும் பக்கத்தை அவளே எழுதினாள். ஒரே சொல்: அணில்.

“எது கூட இருக்குன்னு நீயே பாத்துக்கோ” என்றேன்.

“பாத்தேன். உன் பக்கத்துல எழுத்து கூட இருக்கு. என் பக்கத்துல எடம் கூட இருக்கு.”

அடுத்து அப்பா. அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, வத்திராயிருப்பில் பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் தென்னந்தோப்பு வைத்திருந்தார். அவருடைய தோப்பில் மரங்கள்கூட அட்டென்ஷனில் நிற்கும். மகள் போனில் விஷயத்தைச் சொன்னதும் சுருக்கமாக முடித்தார்.

“ஒரு ஆளுக்கு ஒரு துப்பாக்கிதான்.”

“துப்பாக்கி ஒண்ணுதாம்ப்பா. ஆனா தோட்டா வேற, துப்பாக்கி வேறல்ல? ஒண்ணில்லாம ஒண்ண வச்சு என்ன செய்வீய?”

“சாமிகிட்டக் கேளு. பூப் போட்டுப் பாரு” என்றார்.

அவர்கள் வீட்டில் கிணறு தோண்டியது, அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தது, அப்பா பட்டாளத்துக்குப் போனது எல்லாமே பூப் போட்டுப் பார்த்து முடிவு செய்ததுதான். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். பிரித்தால் எது வருகிறதோ அதுதான் உத்தரவு.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பெரிய கோயிலைத் தாண்டி ஒரு சிறிய அம்மன் கோயில். அங்கே போனோம். வெள்ளை வந்தால் இரட்டை மேஜர், சிவப்பு வந்தால் வெறும் தாவரவியல். பூசாரி கண்ணை மூடி எடுத்துக் கொடுத்தார். பிரித்தாள். சிவப்பு.

“சரி, முடிஞ்சது. வா” என்றேன்.

“செல்லாது” என்றாள்.

பூசாரி திரும்பினார். “என்னத்தா செல்லாது?”

“வெள்ளைக்கு மல்லி வச்சோம், சிவப்புக்கு அரளி வச்சோம். அரளி கனம் கூட. கைக்கு எது கனமோ அதுதான் மொதல்ல தட்டுப்படும். ரெண்டும் அரளியா இருக்கணும் அய்யா.”

வாசலில் பூக்காரியிடம் வெள்ளை அரளி வாங்கி வந்து, இலைகளையும் ஒரே அளவில் கிள்ளி மடித்து வைத்தாள். பூசாரி எடுத்தார். பிரித்தாள். வெள்ளை.

நான் பெருமூச்சு விட்டேன். அவள் விடவில்லை. “ஒண்ணுக்கு ஒண்ணு சமமா நிக்குது. இன்னொருக்கா கேட்டாத்தான் தெரியும்” என்று மறுபடி மடித்து வைத்தாள்.

“ஏத்தா, சாமிக்கே ரீவேல்யுவேஷன் போடுதியா நீ?” பூசாரியின் குரல் கர்ப்பகிரகத்தில் மோதித் திரும்பியது.

“மூணு ரீடிங் எடுக்கணும் அய்யா. இவ பிசிக்ஸு படிக்கா, இவகிட்டக் கேளுங்க.”

பூசாரி என்னைப் பார்த்தார். பொய் சொல்ல முடியாது. தலையாட்டினேன்.

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். மடித்து வைத்த இரண்டையும் சேர்த்து அள்ளி வந்து அவள் கையில் வைத்தார். “இந்தா, ரெண்டையும் நீயே வச்சுக்கோ. எனக்கு நட சாத்தணும்.”

ரெண்டுக்கா அசையாமல் நின்றாள். கையில் வெள்ளையும் சிவப்பும்.

“ஏட்டி, பாத்தியா?”

“அவரு எரிச்சல்ல குடுத்தாருட்டி.”

“குடுத்த கைய ஏன் பாக்க? எங்க இருந்து எடுத்தாருன்னு பாரு.”

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டாள். “அப்பா, சாமி ரெண்டையும் தந்திருச்சு.” சாமி விஷயத்தில் அவர் எதிர்வாதம் செய்ய மாட்டார். ஆனால் பட்டாளத்துக்காரர். நிபந்தனை போட்டார். “சரி, படி. ஆனா ஒரு அரியர் விழட்டும், மறுநாளே வண்டியோட வந்து நிப்பேன். படிப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு ஏத்திட்டுப் போயிருவேன்.”

அவர் சொன்னால் செய்கிறவர் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்வும் எங்கள் அறைக்கு வாழ்வா சாவா என்று ஆனது. அவளுக்கு இருந்த பயத்தில் பாதியை நான் சுமந்தேன். அவள் தன் பாதியை மறந்துவிடுவாள்.

இரண்டாம் ஆண்டு அவள் நடந்து நான் பார்த்ததில்லை. தாவரவியல் கட்டிடம் கிழக்கே, விலங்கியல் கட்டிடம் மேற்கே. நடுவே மைதானம். ஒரு கையில் ரெக்கார்டு நோட்டோடு துப்பட்டா பின்னால் பறக்க அவள் ஓடுவதைப் பார்த்து, விளையாட்டு ஆசிரியர் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். “லாங் ஜம்ப்பா, ஓட்டமா?” என்று கேட்டுத் தொலைத்தார். பதிலை நான் எழுத வேண்டியதில்லை.

பிறகு அந்த ஐந்தாவது வரி.

தாவரவியலுக்கு அவளுடைய செய்முறைப் பணி: எலுமிச்சங்கன்றுகளைத் தொட்டியில் வளர்த்து இலை வளர்ச்சியை வாராவாரம் அளப்பது. தேர்வு அன்று கன்றுகளையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். விலங்கியலுக்கு: வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை வளர்த்து அவற்றின் பருவங்களைக் குறிப்பது. அவள் தேர்ந்தெடுத்த புழு, எலுமிச்சை இலையைத் தின்று வளரும் புழு. இரண்டுக்கும் வெளிச்சம் வேண்டும். எங்கள் அறையில் ஜன்னல் ஒன்றுதான்.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்காத” என்று நான் சொன்னேன்.

“பழகட்டும்ட்டி” என்றாள்.

பங்குனிப் பொங்கலுக்கு இருவரும் அவரவர் ஊருக்குப் போனோம். கிளம்பும்போது, புழு டப்பாவின் மேல் கட்டியிருந்த கொசுவலையைக் காற்றோட்டத்துக்காகக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்திருக்கிறாள். திரும்பி வந்து கதவைத் திறந்தோம். தொட்டிகளில் குச்சிகள் நின்றன. ஓர் இலை இல்லை. குச்சிகளின் மேல் புழுக்கள், கல்யாணச் சாப்பாடு முடிந்த உறவினர் மாதிரி சாய்ந்து கிடந்தன.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் தரையில் மண்டியிட்டு, கண் மினுங்கச் சொன்னாள்: “ஏட்டி, எம்புட்டுக் கொழுத்துருச்சு பாரேன்!”

மறுநாள் விலங்கியல் செய்முறைத் தேர்வு. இத்தனை ஆரோக்கியமான புழுக்களை இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை என்று மேடம் முழு மதிப்பெண் போட்டார். அதற்கு அடுத்த நாள் தாவரவியல். சார் குச்சிகளைப் பார்த்தார்.

“உன் பிராஜெக்ட் எங்கம்மா?”

அவள் டப்பாவிலிருந்து இருப்பதிலேயே பருத்த புழுவை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினாள். “இதுக்குள்ள இருக்கு சார்.”

சார் ஃபெயில் போட்டார். வேறு என்ன போட முடியும்?

அவளே அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தாள். மறைத்திருக்கலாம். முடிவு வர நாளிருந்தது. “அப்பா, ஒண்ணு போச்சு” என்றாள். “நாளைக்கு வாரேன்” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை விடுதி வாசலில் குட்டியானை வந்து நின்றது. தேங்காய் ஏற்றுகிற சிறிய லோடு வண்டி. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இறங்கினார். ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்பதால் நானும் அவளுமாகச் சாமான்களை வாசலுக்குத் தூக்கி வந்தோம். முதலில் மெத்தை ஏறியது. பிறகு வாளி, தலையணை, புத்தகக் கட்டு. பெட்டியும் தொட்டிகளும் புழு டப்பாவும் மட்டும் கீழே இருந்தன.

அப்போது விஷயம் கேள்விப்பட்டுப் பாட்டனி சார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“ஃபெயில் போட்டவன் நாந்தாங்க. ஆனா பொண்ணக் கூட்டிட்டுப் போகாதீங்க.”

“நீங்களே ஃபெயில் போட்டுட்டு நீங்களே கூட்டிட்டுப் போகாதங்கீய. என்ன சார் இது?”

“இல இல்லாம மார்க் எங்க போட? ஆனா இந்த மாதிரி ஒரு புள்ள எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு இதுக்கு முன்னால வந்ததில்ல.”

“எங்க டிபார்ட்மெண்ட் சார்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஜுவாலஜி மேடம். மூச்சு வாங்கியது. மைதானத்தைக் குறுக்கே நடந்து வந்திருந்தார்.

“மொதல்ல எங்ககிட்டதான் சேந்தா மேடம்.”

“சேந்தது ஒங்ககிட்ட. முழு மார்க் எங்ககிட்ட.”

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அணிலை ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டவர்கள் இப்போது அவளை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வார்டன் பால்கனியில் நின்று எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஏதோ தெலுங்கில் முணுமுணுத்தார்.

அப்பா கையை உயர்த்தினார்.

“சரி. வாத்தியாருங்க அம்புட்டுத் தூரம் சொல்லுதாவ. நானும் எறங்கி வாரேன். ஏட்டி, செடியா, பூச்சியா? ஒண்ணச் சொல்லு. அத மட்டும் படி. வண்டிய அனுப்பிருதேன்.”

ஒரே ஒரு சொல். எதைச் சொன்னாலும் அவள் இங்கேயே இருப்பாள். சொல்லுட்டி, எதையாவது சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

ரெண்டுக்கா சாரைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

“ஏட்டி, பெட்டிய எதுக்கு ஏத்துத?”

“ஒண்ண விட்டா மத்ததும் எனக்கு வெளங்காதுப்பா. பாதி படிச்சுட்டு முழுசாப் படிச்சதாச் சொல்ல வராது. அதுக்கு வீட்டுக்கே வாரேன்.”

அழவில்லை. வண்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை. பிடிக்கவில்லை.

அப்பா தொட்டிகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு குச்சியை நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை தெரிந்தது.

“உசுரு இருக்கு. தோப்புல வச்சுத் தண்ணி ஊத்துனா துளிர்விடும்” என்றார். பிறகு டப்பாவைப் பார்த்தார். “இது?”

“அந்த இலையெல்லாம் இங்கதாம்ப்பா இருக்கு.”

அவர் டப்பாவைக் காதருகே வைத்து எதையோ கேட்பதுபோலப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்: “அந்த அரியர எப்ப எழுதணும்?”

“அடுத்த செமஸ்டர் அங்கிள். எழுதிருவா.”

“நீ சொன்னாச் சரியா இருக்கும்.” மகள் பக்கம் திரும்பினார். “பெட்டிய எறக்குட்டி. சாமி குடுத்தத நான் புடுங்க மாட்டேன். ஆனா வண்டியோட வாரேன்னு சொல்லிட்டு வெறும் வண்டியா ஓட்டிட்டுப் போக மாட்டேன். தொட்டிய ஏத்து.”

தொட்டிகளை ஏற்றினோம். பெட்டி, வாளி, தலையணை, புத்தகக் கட்டு எல்லாம் இறங்கின. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். குட்டியானை வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் தெரிந்தது: மெத்தை இறங்கவில்லை. எலுமிச்சங்குச்சிகளுக்கு அடியில் ஒய்யாரமாக வத்திராயிருப்புக்குப் போய்விட்டது.

அதைக் கேட்டு அப்பாவுக்குப் போன் போட அவளுக்குத் தைரியமில்லை. என் மெத்தையைத் தரையில் விரித்து இருவரும் படுத்தோம். அவள் தூக்கத்திலும் ஓடுவாள். விடுதியை விட்டு வரும்வரை அப்படித்தான்.

இன்றைய நிலை இது. அரியர் அடுத்த முறையே போய்விட்டது. பட்டத்தில் இரண்டு பெயரும் இருக்கின்றன. குச்சிகள் தோப்பில் மரங்களாகிவிட்டன. வண்ணத்துப்பூச்சிகள் அவற்றைத் தேடி வருகின்றன. இலையில் புழு தெரிந்தால் அப்பா போன் போட்டு, “இத நான் எந்த டிபார்ட்மெண்ட்ல சொல்லணும்?” என்று கேட்கிறார். ரெண்டுக்கா மலையடிவாரத்தில் ஓர் ஆய்வுக் குழுவோடு, அணில் கூடுகளையும் அவை இருக்கும் மரங்களையும் சேர்த்துக் கணக்கெடுக்கிறாள். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் நூலின் வலுவைச் சோதிக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றாக இருக்கிறோம். கையில் காசு இருக்கிறது, அறையில் இடமும் இருக்கிறது. போன மாதம் இன்னொரு மெத்தை வாங்கலாமா என்று கேட்டேன்.

“எதுக்குட்டி? ஒண்ணு போதும்” என்றாள்.

‘ஒண்ணு போதும்’ என்று அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அப்போதுதான். மெத்தை வாங்கவில்லை.